மேடையில் வெட்டிய கேக்

அத்தியாயம் பதினொன்று

சென்ற வாரம் டாக்டரம்மாவை மேடையில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். வாழ்நாள் சாதனையாளர் விருது, வெள்ளி முலாம் பூசிய கேடயம், எழுந்து நின்று கைதட்டிய அரங்கம், முன்வரிசையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த தங்கை. இந்தக் குடும்பத்துக்கு இத்தனை சந்தோஷம் தாங்குமா என்று உங்களில் சிலர் கவலைப்பட்டிருப்பீர்கள். தாங்கவில்லை.

விழா சனிக்கிழமை மதியம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலிலிருந்து விருந்தினர்கள் ஒவ்வொருவராகக் கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடை பழக ஆரம்பித்தார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, லேசான காய்ச்சல். கேடயத்தைக் கொடுத்த சங்கத் தலைவர், பாராட்டுரை வாசித்த பேராசிரியர், நகரச் சுகாதார அலுவலகத்தின் மேலதிகாரி, அவருக்குக் கீழே இருந்தவர்கள் என்று ஒருவர் பாக்கியில்லை. எங்கே நோய் கிளம்பினாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவர்கள் அத்தனை பேரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டால் இதுதான் கதி. திங்கட்கிழமை காலையில் அந்த அலுவலகத்தில் நிற்கிற நிலையில் இருந்தது ஒரே ஒரு டாக்டர். அவள் டாக்டரம்மாவின் மகள். சனிக்கிழமை அவளுக்கு ட்யூட்டி இருந்தது. அவள் விழாவுக்கு வந்து சேர்ந்தபோது மேஜைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மாவோட விழா சார். சித்தியோட சமையல். இதை நான் விசாரிக்கிறது நியாயமா?" என்று போனில் கேட்டாள்.

"நியாயம் இல்லைதான். வேற யாரு இருக்கா, நீயே சொல்லு," என்றார் மேலதிகாரி. அவள் பதில் சொல்வதற்குள் அவருக்கு அவசரம் வந்துவிட்டது. போன் கட்டானது.

இந்தக் கூத்தையெல்லாம் டீ டம்ளர்களோடு சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணாடிக்காரர். டாக்டரம்மாவின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் தெருவில் அந்தப் பெயர், வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. அவருக்குச் சர்க்கரை உண்டு. அதனால் விருந்தில் பாதி ஐட்டங்களைக் கண்ணால் மட்டும் சாப்பிட்டார், பிழைத்தார்.

விழாவுக்கு முந்தின நாள் டாக்டரம்மா குளியலறையே கதியென்று கிடந்ததும், அதை இவர் கிண்டலடித்ததும் பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். "ஊருக்கே வயித்தைப் பத்திப் பாடம் எடுக்கறவளுக்கு, மேடைன்னதும் வயித்தைக் கலக்குதாக்கும்?" என்றார். "பதற்றம்தாங்க. மகள்கிட்ட சொல்லிடாதீங்க, ஓடி வந்து நிப்பா," என்றாள் அவள். மாத்திரை போட்டாள், மறுநாள் காலையில் தெளிந்து எழுந்தாள். அவரும் அதோடு மறந்துவிட்டார்.

*

சாப்பாட்டு மேஜைதான் அன்றைக்கு அலுவலகம். மகள் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள். டாக்டரம்மா ஓய்வு பெற்றுச் சில காலம் ஆகிவிட்டது. ஆனால் நோய் என்று காதில் விழுந்தால் போதும், பழைய குதிரைக்குச் சலங்கை கேட்ட மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவாள்.

"முதல்ல யாரை நோயாளின்னு எண்ணப்போறேன்னு ஒரு வரி எழுதிக்கோ. அந்த வரிக்குள்ள வர்றவங்களைத்தான் எண்ணணும். இல்லேன்னா தலைவலி, கால்வலி எல்லாம் உள்ளே வந்துடும்."

"தெரியும்மா. சொல்லு."

"விழாவுக்கு வந்த விருந்தினர். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தவர்."

மகள் அப்படியே தட்டிக்கொண்டாள். பத்து வயதிலிருந்தே அம்மா சொல்லச் சொல்ல எழுதிப் பழகிய கை அது.

"உனக்கு ஏதாவது பண்ணுதாம்மா?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

அது உண்மைதான். அன்றைக்குக் கல் மாதிரிதான் இருந்தாள்.

பிறகு மகள் போனை எடுத்தாள், படுத்திருந்தவர்களை ஒவ்வொருவராக எழுப்பினாள். என்ன சாப்பிட்டீர்கள், எதைத் தொடவில்லை, எப்போது ஆரம்பித்தது? பாவம், சாப்பாட்டின் பெயரைக் கேட்டாலே சிலருக்குக் குமட்டியது. ஆனாலும் எல்லாரும் இதே தொழில்காரர்கள் ஆனதால் பதில் சொல்வதோடு விடவில்லை. பேராசிரியர் கேள்விகளின் வரிசையைத் திருத்தினார். சங்கத் தலைவர், சாலட் மேல்தான் தனக்குச் சந்தேகம் என்று அறிக்கையே வாசித்தார்.

மத்தியானத்துக்கு முன்பே விஷயம் வெளிச்சமாகிவிட்டது. சாலட் இல்லை. இறைச்சி இல்லை. சாப்பாடே சாப்பிடாமல், மேடையில் வெட்டிய கேக்கில் ஒரு துண்டு மட்டும் வாங்கிக்கொண்டு அவசரமாகக் கிளம்பிய நிருபருக்கும் வாந்தி. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கேக் மட்டும் வேண்டாம் என்ற இரண்டு பேர் ஜம்மென்று நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

"கேக்," என்றாள் மகள். குரல் இறங்கிவிட்டது. கேக் செய்தது சித்தியின் சமையல்கூடம்.

டாக்டரம்மா உடனே தங்கைக்குப் போன் போட்டாள். தங்கையை இந்தக் குடும்பத்தில் சின்னவள் என்றுதான் சொல்வார்கள். வீட்டு அடுப்பில் ஆரம்பித்து, வாடகைக் கட்டடம் பிடித்து, ஆள் வைத்து, விருந்துச் சமையலில் ஒரு பேர் எடுத்தவள். பெரிய ஆஸ்பத்திரியின் கேன்டீன் ஒப்பந்தம் அவள் கைக்கு எட்டுகிற நேரம். காலையிலேயே சுகாதார அலுவலகத்து ஆட்கள் வந்து அவள் சமையல்கூடத்துக்கு சீல் வைத்துவிட்டார்கள். மாலையில் மகள் அனுப்பும் அறிக்கையில் "காரணம் சமையல்கூடம்" என்று இருந்தால் லைசென்ஸ் போகும், கேன்டீன் போகும், எடுத்த பேரும் போகும்.

"கேக்கைத் தொட்டது யாரு?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"மாஸ்டர்தான் அக்கா. அவரு நல்லாத்தான் இருக்காரு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. எவனோ ஒருத்தன் உடம்பு சரியில்லாம வந்து மறைக்கிறான். திட்டாதே, மிரட்டாதே. ஆறுதலாக் கேளு. சொல்லிடுவான். என் அனுபவத்துல சொல்றேன்."

அந்த அனுபவம் சாதாரணமானது இல்லை. விருதே அதற்காகத்தான். முன்பு ஒரு பள்ளி விடுதியில் பிள்ளைகள் கொத்துக் கொத்தாக நோயில் விழுந்தபோது, கிணறு, தொட்டி, பால் என்று எல்லாரும் தேடிக்கொண்டிருக்க, டாக்டரம்மாதான் சமையல்காரரிடம் உட்கார்ந்து பேசினாள். வயிறு சரியில்லை, லீவு போட்டால் கூலி போய்விடும், அதனால் மறைத்தேன் என்று அந்த மனிதர் அழுதார். அவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். டாக்டரம்மா போகவில்லை. சமைக்கிறவருக்கு வயிற்றுக் கோளாறு வந்தால் சம்பளத்தோடு ஓய்வு தரவேண்டும், தானாகச் சொன்னவரையும் அவர் வேலை செய்யும் இடத்தையும் தண்டிக்கக் கூடாது என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, வருஷக் கணக்கில் மல்லுக்கட்டிச் சட்டமாக்கினாள். அதனால் நோயில்லாமல் தப்பித்தவர்கள் எத்தனை பேர் என்று யாராலும் எண்ண முடியாது. நடக்காமல் போன நோயை யார் எண்ணுவது?

"என்னங்க, நீங்க கொஞ்சம் போய் அவகூட இருங்களேன்," என்றாள் கணவரிடம். "நான் போனா அழுவா."

*

சின்னவள் அழவில்லை. அடுப்பு எரியாத சமையல்கூடத்தின் வாசலில், கதவில் ஒட்டியிருந்த சீலைப் பார்த்தபடி இடுப்பில் கைவைத்து நின்றாள். ஜன்னல் வழியே பார்த்தால் உள்ளே பாத்திரங்கள் மினுங்கின. அவ்வளவு சுத்தமான ஒரு சமையல்கூடத்தைப் பூட்டி வைத்திருந்தது கண்ணாடிக்காரருக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

கேக் மாஸ்டர் கொஞ்சம் தள்ளி, கவிழ்த்துப் போட்ட பால் கிரேட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். வேலை இல்லாத கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் முழங்காலில் வைத்திருந்தார்.

"அக்கா சொன்ன மாதிரியே ஆறுதலாக் கேட்டேன் அத்தான்," என்றாள் சின்னவள், மாஸ்டருக்குக் கேட்காத குரலில். "ஒருதடவை இல்லை, மூணு நாலு தடவை கேட்டுட்டேன். ஒண்ணுமில்லைங்கிறாரு. இன்னும் எப்படிக் கேக்கறது? எனக்கே வெக்கமா இருக்கு."

"அவருக்கு நிஜமாவே ஒண்ணும் இல்லையோ என்னவோ."

"அதைத்தான் நானும் சொல்றேன்!" சின்னவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அன்னைக்கு ரெண்டு கேக் பண்ணினோம் அத்தான். ஒரே மாவு, ஒரே ஓவன், ஒரே கை. ஒண்ணு மேடைக்குப் போச்சு. இன்னொண்ணைப் பின்கட்டுலயே வெட்டி, கார் டிரைவருங்க, ஹால் பெருக்கறவங்க, எங்க பசங்க எல்லாருக்கும் கொடுத்தோம். வெட்டினதும் இதே மாஸ்டர்தான். நேத்து சாயங்காலத்துலேர்ந்து அத்தனை பேருக்கும் போன் போட்டுக் கேட்டேன். ஒருத்தருக்கு ஒரு ஏப்பம்கூட இல்லை. இதை யாராவது என்கிட்ட கேட்டாங்களா? விருந்தாளிங்களை மட்டும்தானே கேக்கறாங்க!"

கண்ணாடிக்காரர் "கேக்கச் சொல்றேன்" என்றார். காரில் வந்து உட்கார்ந்தார், சாவியைத் திருப்பினார், தெரு முனை வரை ஓட்டினார், அங்கே ஓரமாக நிறுத்திவிட்டார்.

ஒரே மாவு, ஒரே ஓவன், ஒரே கை. பின்கட்டில் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றுமில்லை, மேடையில் வாங்கியவர்களுக்கு நோய். அப்படியானால் மேடையில் என்ன நடந்தது?

என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தாரே. கேக்கை எடுத்துக் கொடுக்க ஒரு கரண்டி வைக்க மறந்திருந்தார்கள். யாரோ தேடிப் போனார்கள். "பரவாயில்லை, நானே கையால தர்றேன், அப்பதான் எனக்குத் திருப்தி," என்று டாக்டரம்மா மைக்கிலேயே சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். வரிசையில் வந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு துண்டாக விரலால் எடுத்துத் தட்டில் வைத்தாள்.

கண்ணாடிக்காரர் இன்ஜினை அணைத்தார்.

சனிக்கிழமை காலையில் படுக்கையை விட்டு எழுந்ததும் அவள் முதலில் செய்த காரியம் என்ன? கையுறை மாட்டிக்கொண்டு குளியலறையை மூலை விடாமல் ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினாள். அவருடைய துண்டு, டம்ளர், சோப்பு எல்லாவற்றையும் தனியாகப் பிரித்து வைத்தாள். இவருக்கு ஒட்டிவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம். வெறும் பதற்றத்துக்கு யாராவது ப்ளீச்சிங் பவுடர் போடுவார்களா? அவளுக்கு அன்றைக்கே தெரியும்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்றும் அவர் யோசித்தார். அவரைக் குறை சொல்ல வேண்டாம். நேற்று முன்தினம்தான் அந்தப் பெண்ணுக்காக ஓர் அரங்கமே எழுந்து நின்றது. அவள் சாப்பாட்டு நேரம் மறந்து அலைந்த வருஷங்களையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான். அந்தக் கேடயத்தை அவரே தன் கையால் கூடத்து அலமாரியில் வைத்து, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். ஆனால் கிரேட்டின் மேல் உட்கார்ந்திருந்த மனிதரின் கைகளையும் இப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

*

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். இரண்டாவது கேக்கைப் பற்றி மட்டும் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை.

மகள் நிமிர்ந்தாள். "டிரைவருங்களுக்கு ஒண்ணும் இல்லையா? ஒருத்தருக்குக்கூடவா? அப்ப கிச்சன்ல இல்லையேப்பா. கிச்சன்லேர்ந்து மேடைக்கு வந்தப்புறம் யாரோ..."

பாதியில் நின்றாள். அம்மாவைப் பார்க்கவில்லை. ஆனால் பார்க்காமல் இருக்க ரொம்பவே சிரமப்பட்டாள்.

டாக்டரம்மா கணவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர்கள் பேசாமல் பேசிக்கொண்டது நிறைய. அதில் இதுதான் மோசமானது.

அந்த நேரம் பார்த்துச் சின்னவளிடமிருந்து போன். மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நீ சொன்னது சரியாப் போச்சு!" மூச்சு வாங்கப் பேசினாள் சின்னவள். "மாஸ்டர் ஒத்துக்கிட்டாரு. அத்தான் போன கையோட எழுந்து வந்து, எனக்குத்தாம்மா வயிறு சரியில்லை, மறைச்சுட்டேன்னாரு. சுகாதார ஆபீஸ் ஆளுங்களை வரவழைச்சு, அவங்க முன்னாடியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. தானா சொன்னதால கிச்சன் மேல நடவடிக்கை கிடையாதாம், நாளைக்கே சீலை எடுத்துடுவாங்களாம். அவருக்கும் சம்பளத்தோட லீவு. எல்லாம் உன் சட்டம்தான் அக்கா. நீ நல்லா இருக்கணும்!"

மகள் விட்ட பெருமூச்சு போனில் கேட்டிருக்கும். அவளுடைய விரல்கள் தாமாகவே கணினிக்குப் போயின. எவ்வளவு அழகாக முடிந்துவிட்டது! சித்திக்குக் கேன்டீன், மாஸ்டருக்குச் சம்பளம், அம்மாவுக்குக் கேடயம். ஒருவருக்கும் நஷ்டமில்லை. டிரைவர்கள் சாப்பிட்ட கேக்கைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை.

கண்ணாடிக்காரர் வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம் என்றால் கோழைத்தனம்தான். முடிவு அவளுடையதாக இருக்கட்டும் என்று விட்டார்.

"எழுதாதே," என்றாள் டாக்டரம்மா.

"அம்மா..."

"எழுதாதேன்னு சொல்றேன். சின்னவளே, கேக்குதா? அவரு பொய் சொல்றாரு."

"அவரே சொல்றாரு, நீ இல்லேங்கிறியா? உனக்கு எப்படித் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை எனக்குத்தான் வாந்தி, பேதி எல்லாம். மாத்திரை போட்டு அடக்கிட்டு விழாவுக்கு வந்தேன். நின்னப்புறமும் ரெண்டு நாள் அடுத்தவங்க சாப்பாட்டைத் தொடக்கூடாதுன்னு சட்டம் எழுதினவளே நான்தான். தொட்டேன்."

லைன் போய்விட்டதோ என்று மகள் திரையைப் பார்த்தாள்.

"அவரு அழுதுக்கிட்டே போனாரு அக்கா," என்றாள் சின்னவள் கடைசியில். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "ஆறுதலாக் கேளு, ஆறுதலாக் கேளுன்னு சொல்லிச் சொல்லி, செய்யாத மனுஷனைச் சொல்ல வெச்சுட்டியே. முதல்ல அவர்கிட்ட போய்ப் பேசு. என்கிட்ட அப்புறம் பேசலாம்."

வீடு எங்கே என்று வழி சொன்னாள். போனை வைத்துவிட்டாள்.

டாக்டரம்மா நாற்காலியை மகளுக்கு எதிரே திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். "அந்த வரியை மாத்து. 'விருந்தினர்'ங்கிறதை எடு, 'பிறகு'ங்கிறதையும் எடு. மாத்திட்டு, மத்தவங்களைக் கேட்ட மாதிரியே என்னையும் கேளு."

மகள் கேள்வித்தாளைப் புதிதாகத் திறந்தாள். "தொழில்?"

"ஓய்வு பெற்ற தொற்றுநோய் டாக்டர்."

"விழாவில் உங்க பங்கு?"

"கேக் கொடுத்தேன்."

"தொடறதுக்கு முன்னாடி கை கழுவினீங்களா?"

"ஹால் குழாய்ல தண்ணி வரலை. மேடைப் பக்கத்துல இருந்த சானிடைசரைத் தடவிக்கிட்டேன். இந்தக் கிருமிக்கு அது பத்தாதுன்னு நானே வகுப்பெடுத்திருக்கேன்."

"உடம்பு சரியில்லைன்னு ஏன் யார்கிட்டயும் சொல்லலை?" இந்தக் கேள்வி கேள்வித்தாளில் இல்லை. மகள் தானாகச் சேர்த்துக்கொண்டாள்.

"அந்த விடுதிச் சமையல்காரருக்குக் கூலி போயிடும்னு பயம். எனக்குக் கேடயம் போயிடும்னு பயம். அவருக்காவது வீட்டுல பிள்ளைங்க பசியோட இருந்தாங்க."

மகள் மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்தாள். "அம்மா, காலையில 'சாப்பாட்டுக்குப் பிறகு'ன்னு சொன்னியே. அந்த வார்த்தை இருந்தா நீ வெளியே நிக்கலாம், இல்லாட்டி உள்ளே வரணும். தெரிஞ்சு சொன்னியா?"

கண்ணாடிக்காரரும் இதைத்தான் தெருமுனையில் காரை நிறுத்தியதிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட வரிகளை எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள், பழக்கதோஷமாகவும் இருக்கலாம். மனைவியின் முகத்தையே பார்த்தார்.

"தெரியலை," என்றாள் டாக்டரம்மா. "சத்தியமாத் தெரியலை."

அவளை அவர் நம்பினாரா என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. மகள் பையைத் திறந்து, மலப் பரிசோதனைக்கான, மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து அம்மா முன்னால் வைத்தாள். மற்ற நோயாளிகளுக்குக் கொடுத்தனுப்பியதேதான். சாதனையாளர் அதை வாங்கிக்கொண்டு மறுபேச்சில்லாமல் குளியலறைப் பக்கம் போனாள்.

*

மாஸ்டரின் வீட்டுக்குப் போகும் வழியில் மகளிடமிருந்து செய்தி வந்தது. மாஸ்டர் எழுதிக் கொடுத்தது அலுவலகத்திலிருந்து நேராக மேலதிகாரியின் படுக்கைக்கே போய்விட்டதாம். அவர் படுத்தபடியே ஒப்புதல் கொடுத்துவிட்டார். விசாரணை முடிந்தது என்று பத்திரிகைகளுக்கும் சொல்லியாகிவிட்டது. அம்மாவின் பதில்களை அனுப்பினால், இதை எதற்கு இப்போது கொண்டு வருகிறாய் என்று கேட்கிறார்.

டாக்டரம்மா படித்துவிட்டுப் போனைக் கணவரிடம் நீட்டினாள். "ஓட்டறப்ப எப்படிப் படிக்கறது?" என்றார் அவர். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மாடிப்படிக்குக் கீழே ஒண்டியிருந்த சின்ன வீடு. கதவைத் திறந்த மாஸ்டர் இவர்களைக் கண்டதும் பதறிப் போனார். உள்ளே கூப்பிட்டார், நாற்காலியைத் துடைத்துப் போட்டார், தண்ணீர் கொண்டுவரத் திரும்பினார்.

"வேண்டாம், எதையும் எனக்குக் கொடுக்காதீங்க," என்றாள் டாக்டரம்மா. கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வாசற்படியிலேயே நின்றாள். "ஏன் பொய் சொன்னீங்க?"

மாஸ்டர் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு பாவம் டாக்டரம்மா. சீலையே பாத்துக்கிட்டு நிக்குது. நான் ஒருத்தன் சொன்னா எல்லாரும் பிழைச்சுக்குவோம்னு தோணுச்சு. சனிக்கிழமை மேடையில உங்க சட்டத்தைப் பத்தி வாசிச்சாங்களே, நான் பின்கட்டுக் கதவாண்டை நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அதை நம்பித்தான் சொன்னேன்."

"நோய் என்கிட்டேர்ந்து வந்தது மாஸ்டர். எனக்குத்தான் உடம்பு சரியில்லாம இருந்துச்சு. மறைச்சது நான்."

மாஸ்டர் கோபப்படுவார் என்று கண்ணாடிக்காரர் எதிர்பார்த்தார். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். மாஸ்டர் ஓர் அடி முன்னால் வந்தார். ரகசியம் சொல்வது போல, ரொம்ப ஆறுதலாகச் சொன்னார்.

"நீங்க பயப்படாதீங்க டாக்டரம்மா. தானா வந்து சொன்னவங்களை ஒண்ணும் செய்யக் கூடாதுன்னு சட்டம் இருக்கு."

டாக்டரம்மா அழுதாள். மேடையில் அரங்கம் எழுந்து நின்றபோதுகூட அழாதவள், அந்த வாசற்படியில், கைகளை முன்னால் கொண்டுவந்து கண்ணைத் துடைக்கவும் முடியாமல் அழுதாள். மாஸ்டர் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று திகைத்து நின்றார்.

கண்ணாடிக்காரரின் சட்டைப் பையில் அவளுடைய போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். விருது கொடுத்த சங்கத்தின் தலைவர்.

"எடுங்க," என்றாள் டாக்டரம்மா. "ஸ்பீக்கர்ல போடுங்க. நான் சொல்றதை மாஸ்டரும் கேக்கட்டும்."